சவ்வைத் தாண்டி உள்ளே: உயிரணு பொருள்களை எடுத்துக்கொள்வதைச் சமையலறையிலேயே பார்க்க ஒரு வழிகாட்டி

மலேசிய இடைநிலைப்பள்ளியின் படிவம் 4 உயிரியலில் மூன்றாவது இயல் தொடங்கியதும் பிள்ளைகள் ஒரு பட்டியலை மனப்பாடம் செய்ய ஆரம்பித்துவிடுவார்கள். எளிய பரவல், சவ்வூடு பரவல், துணையுடன் பரவல், உயிர்ப்புக் கடத்தல். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரையறை, ஒரு எடுத்துக்காட்டு, கடைசியில் ஓர் ஒப்பீட்டு அட்டவணை. தேர்வு முடிந்த மறுவாரம் கேட்டால் எதுவும் நினைவில் இருக்காது. பினாங்கில் டியூஷன் எடுக்கும் எவரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். பிள்ளைகள்மேல் குற்றமில்லை. பாடம் தலைகீழாகத் தொடங்குகிறது என்பதுதான் என் கட்சி. பெயரை முதலில் கொடுத்துவிட்டு அதற்கேற்ற பொருளைத் தேடச் சொல்கிறோம். பொருளைக் கையில் எடுத்துக்கொண்டு தொடங்கினால் பெயர் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்.

அதனால் இந்த வழிகாட்டி முழுக்க மூன்றே கேள்விகளைப் பிடித்துக்கொண்டு போகும். உள்ளே போக வேண்டிய பொருள் எப்படிப்பட்டது: சிறியதா பெரியதா, எண்ணெயில் கரைவதா நீரில் கரைவதா, மின்னேற்றம் உண்டா? அது எந்தப் பக்கம் அதிகமாக இருக்கிறது, வெளியிலா உள்ளேயா? நுழைவுக்கு ஆற்றல் செலவாகிறதா, ஆகிறது என்றால் செலவு யாருடையது? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் எந்தக் கேள்வித்தாளுக்கும் பயப்பட வேண்டாம்.

படிவம் 4 மாணவர்களுக்கும், அவர்களோடு உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க நினைக்கும் பெற்றோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். அறிவியல் பிரிவில் படிக்காத அம்மா அப்பாவும் தாராளமாகச் செய்து பார்க்கலாம்.

வாங்கி வைக்க வேண்டியவை

உருளைக்கிழங்கு நான்கைந்து, பீட்ரூட் ஒன்று, முட்டை இரண்டு, வெள்ளை வினிகர் ஒரு போத்தல், உப்பு, சீனி, சாப்பாட்டுச் சாயம் ஏதாவது ஒரு நிறம். லிட்டில் இந்தியாவில் ஒரு மளிகைக்கடைக்குள் நுழைந்தால் முக்கால்வாசி கிடைத்துவிடும், மிச்சம் காய்கறிக்கடையில். எல்லாவற்றையும்விட முக்கியம் 0.1 கிராம்வரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு. மாவு நிறுக்கும் பெரிய சமையலறைத் தராசு 1 கிராம் கணக்கில்தான் காட்டும். நாம் தேடும் மாற்றம் அதற்குத் தெரியாமலே போய்விடும். காசு செலவு செய்வதென்றால் இந்தத் தராசுக்குச் செய்யுங்கள். மற்றதெல்லாம் வீட்டில் இருப்பதுதான்.

முதல் படி: சவ்வு எதனால் ஆனது என்று தெரிந்துகொள்ளுங்கள்

உயிரணுவைச் சுற்றியிருக்கும் சவ்வின் தடிமன் 7 முதல் 10 நானோமீட்டர். ஒரு காகிதத்தின் தடிமனுக்கு வர இப்படிப் பத்தாயிரம் சவ்வுகளையாவது அடுக்க வேண்டும். இவ்வளவு மெல்லிசானது எப்படித் தடுப்பாக நிற்கிறது? காரணம் அதன் நடுப்பகுதி எண்ணெய்த்தன்மை கொண்டது. பாஸ்போலிப்பிட் என்ற மூலக்கூறுக்கு நீரை விரும்பும் ஒரு தலையும் நீரை வெறுக்கும் இரண்டு வால்களும் உண்டு. தண்ணீரில் போட்டால் இவை தாமாகவே இரண்டு அடுக்காக நின்றுகொள்ளும்: தலைகள் வெளியே பார்க்க, வால்கள் உள்ளே மறைந்துகொள்ள. கட்டாயப்படுத்த யாரும் வேண்டியதில்லை.

இரண்டு அடுக்கு என்பதை 1925-இல் நெதர்லாந்தைச் சேர்ந்த கோர்ட்டர், கிரெண்டல் இருவரும் காட்டினார்கள். சிவப்பு இரத்த அணுக்களிலிருந்து கொழுப்பைப் பிரித்தெடுத்து நீர்ப்பரப்பில் ஒற்றை அடுக்காகப் பரப்பி அளந்தார்கள். அணுக்களின் மேற்பரப்பைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வந்தது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. அவர்கள் கொழுப்பை முழுதாகப் பிரித்தெடுக்கவில்லை. அணுவின் பரப்பையும் குறைத்தே கணக்கிட்டுவிட்டார்கள். இரண்டு குறையும் ஒன்றையொன்று ஈடுகட்டி விடை சரியாக வந்துவிட்டது! 1972-இல் சிங்கர், நிக்கல்சன் இருவரும் இந்த எண்ணெய் அடுக்கில் புரதங்கள் மிதந்து நகர்கின்றன என்ற படத்தை முன்வைத்தார்கள். இன்றைய பாடநூலில் இருக்கும் படம் அதுதான்.

இப்போதைக்கு நினைவில் வைக்க வேண்டியது ஒன்றுதான்: நடுவில் எண்ணெய் இருக்கிறது, எண்ணெய்க்குள் புரதங்கள் செருகியிருக்கின்றன. எண்ணெயோடு ஒட்டும் பொருள் நேராகப் போகும். ஒட்டாத பொருளுக்குப் புரதத்தின் தயவு வேண்டும்.

சவ்வு இருக்கிறது என்பதைக் கண்ணால் பார்க்க வேண்டுமா? பீட்ரூட்டை ஒரே அளவு துண்டுகளாக நறுக்குங்கள். கத்தி பட்ட இடத்தில் உடைந்த உயிரணுக்களின் சாயம் வழியும். தண்ணீர் தெளிவாக வரும்வரை அலசுங்கள். பிறகு சில துண்டுகளைக் குளிர்ந்த நீரிலும், சிலவற்றை ஏறக்குறைய 70 பாகை செல்சியஸ் சுடுநீரிலும் போட்டு ஐந்து நிமிடம் விடுங்கள். குளிர்நீர் கொஞ்சம்தான் இளஞ்சிவப்பாகும். சுடுநீர் இரத்தமாய்ச் சிவக்கும். பீட்ரூட்டின் சாயம் நீரில் கரைவது, எண்ணெயைக் கடக்க முடியாதது. உயிரணுவுக்குள் இருக்கும் நுண்குமிழின் சவ்வும் வெளிச்சவ்வும் அதை உள்ளேயே பிடித்து வைத்திருந்தன. வெப்பம் புரதங்களைக் குலைத்து, கொழுப்பு அடுக்கையும் கலைத்ததும் சாயம் வெளியேறிவிட்டது. சவ்வு இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான காட்சி சமையலறையில் கிடைக்காது.

இரண்டாம் படி: தானாகப் போகும் பொருள்கள்

இரண்டு கண்ணாடிக் கிளாஸ்கள், ஒன்றில் பச்சைத் தண்ணீர், ஒன்றில் சுடுநீர். இரண்டிலும் ஒரு துளி சாயம் விடுங்கள். கலக்காதீர்கள். சுடுநீரில் சாயம் சீக்கிரம் பரவும். இதைத்தான் பரவல் என்கிறோம்: மூலக்கூறுகள் தறிகெட்டு ஓடிக்கொண்டிருப்பதால், அதிகம் இருக்கும் இடத்திலிருந்து குறைவாக இருக்கும் இடத்துக்கு மொத்தக் கணக்கில் நகர்வு நடக்கிறது. யாரும் தள்ளவில்லை, ஆற்றல் செலவில்லை. (கிளாஸில் பார்ப்பதில் நீரோட்டமும் கொஞ்சம் கலந்திருக்கும். தேர்வில் அதை எழுத வேண்டாம், ஆனால் தெரிந்து வைத்திருப்பது நல்லது.)

ஆக்சிஜனும் கரியமில வாயுவும் இப்படித்தான் சவ்வைக் கடக்கின்றன. சிறியவை, மின்னேற்றம் இல்லாதவை, எண்ணெயில் கரையக்கூடியவை. மதுவிலுள்ள ஆல்கஹாலும் அப்படியே. குடித்த கொஞ்ச நேரத்தில் தலைக்கு ஏறுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஸ்டீராய்டு ஹார்மோன்கள், வைட்டமின் டி போன்றவையும் எண்ணெய்க்கு உறவுக்காரர்கள்.

இங்கே ஒரு கணக்கைச் சொல்லியே ஆக வேண்டும். பலர் கவனிக்காமல் விட்டுவிடும் விஷயம். பரவலுக்கு ஆகும் நேரம் தூரத்தின் வர்க்கத்தில் ஏறும். தண்ணீரில் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு 10 மைக்ரோமீட்டர், அதாவது ஓர் உயிரணுவின் அகலத்தை, பரவல் மூலம் கடக்க ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் போதும். அதே மூலக்கூறு 1 சென்டிமீட்டரைக் கடக்க ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். தூரம் ஆயிரம் மடங்கு, நேரம் பத்து லட்சம் மடங்கு. உயிரணுக்கள் ஏன் இவ்வளவு சிறியவை, பெரிய உடலுக்கு ஏன் இரத்த ஓட்டம் தேவை என்ற இரண்டு கேள்விக்கும் விடை இந்த ஒரு கணக்கிலேயே இருக்கிறது.

மூன்றாம் படி: தண்ணீரின் போக்குவரத்து

இந்த இயலில் அதிகக் கேள்வி வரும் இடம் இது. கண்ணால் பார்க்க அதிகம் இருப்பதும் இங்கேதான். அவசரப்படாமல் செய்யுங்கள்.

முட்டையில் தொடங்குவது எல்லோருக்கும் பிடிக்கும். பச்சை முட்டையை ஒரு போத்தலில் வைத்து, மூழ்கும்வரை வினிகர் ஊற்றுங்கள். ஓட்டிலுள்ள கால்சியம் கார்பனேட் கரையும்போது கரியமில வாயு குமிழ்குமிழாய் வரும். மூடியை இறுக்க வேண்டாம். நம் ஊர் வெக்கையில் வெளியில் வைத்தால் நாற்றம் பிடிக்கும். குளிர்பெட்டியில் ஒன்றிரண்டு நாள் வையுங்கள். ஓடு போனபிறகு, மெல்லத் தேய்த்துக் கழுவினால் ரப்பர் பந்துபோல் ஒரு முட்டை கையில் இருக்கும். வெளிச்சத்தில் பிடித்தால் மஞ்சள் கரு நிழலாடுவது தெரியும். துடைத்து, எடை பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். ஒரு நாள் முழுதும் தண்ணீரில் போடுங்கள்: எடை கூடி விம்மியிருக்கும். அப்புறம் கெட்டியான சீனிப்பாகில் ஒரு நாள்: சுருங்கித் தொளதொளவென்று ஆகிவிடும். தண்ணீர் வெளியே ஓடிவிட்டது. கரைபொருள் குறைவாக இருக்கும் பக்கத்திலிருந்து அதிகமாக இருக்கும் பக்கத்துக்குச் சவ்வைத் தாண்டித் தண்ணீர் போவதைத்தான் சவ்வூடு பரவல் என்கிறோம். விளையாட்டு முடிந்ததும் வீசிவிடுங்கள், சாப்பிட வேண்டாம். தொட்ட கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள்.

ஆனால் ஒரு விஷயம். பல செய்முறைக் குறிப்புகள் இந்த முட்டையை உயிரணுச் சவ்வுக்கே எடுத்துக்காட்டாகக் காட்டிவிட்டுப் போய்விடுகின்றன. அது சரியல்ல. ஓட்டுக்குக் கீழே இருக்கும் தோல் புரத நார்களால் ஆனது. உயிரணுச் சவ்வு அல்ல. தண்ணீரை விட்டு, பெரிய மூலக்கூறுகளைத் தடுக்கிறது என்பதால் நடப்பதைக் காட்டுகிறது, அவ்வளவுதான். உண்மையான, உயிருள்ள சவ்வு வேண்டுமென்றால் உருளைக்கிழங்குதான்.

400 மில்லிலிட்டர் தண்ணீரில் 20 கிராம் உப்பைக் கரையுங்கள். இது ஏறக்குறைய 5 சதவீதக் கரைசல். ஐந்து கிளாஸ்கள் எடுங்கள். முதலாவதில் வெறும் தண்ணீர் 200 மில்லி. இரண்டாவதில் உப்புக் கரைசல் 20, தண்ணீர் 180. இது அரை சதவீதம். மூன்றாவதில் 40-க்கு 160, ஒரு சதவீதம். நான்காவதில் 80-க்கு 120, இரண்டு சதவீதம். ஐந்தாவதில் உப்புக் கரைசல் மட்டும். ஒவ்வொன்றிலும் எழுதி ஒட்டிவிடுங்கள். ஒட்டாவிட்டால் பத்து நிமிடத்தில் எது எது என்று குழம்பிவிடும், எல்லாம் பார்க்கத் தண்ணீர்தான்.

உருளைக்கிழங்கின் தோலை முழுதாகச் சீவுங்கள். தோல் ஒட்டியிருந்தால் அந்தப் பக்கம் தண்ணீர் சரியாகப் போகாது. 5 சென்டிமீட்டர் நீளம், 1 சென்டிமீட்டர் கனமுள்ள துண்டுகள் பதினைந்து. மூன்று மூன்றாகப் பிரித்து, டிஷ்யூவில் ஒற்றி, நிறுத்து, கிளாஸில் போடுங்கள். ஒரு மணி நேரம் கழித்து எடுத்து, முன்போலவே ஒற்றி, நிறுங்கள். ஒரு துண்டை அழுத்தித் துடைத்து இன்னொன்றைச் சும்மா ஒற்றினால் கணக்கு கெட்டுவிடும்.

நிறுக்கும் முன் விரலால் வளைத்துப் பாருங்கள். இந்த ஒரு நொடிக்காகத்தான் இத்தனை வேலையும். வெறும் தண்ணீரில் கிடந்த துண்டு விறைத்து நிற்கும். வளைத்தால் படக்கென்று முறியும். 5 சதவீதத்தில் கிடந்தது துவண்டு, இரண்டு முனையும் தொடும்படி வளையும். ஒரே கிழங்கு, ஒரே கத்தி. வேறுபாடு முழுக்கத் தண்ணீர் எந்தப் பக்கம் போனது என்பதில் இருக்கிறது.

எடை மாற்றத்தைக் கிராமில் எழுதாமல் சதவீதத்தில் எழுதுங்கள், ஏனென்றால் துண்டுகள் ஒரே எடையில் தொடங்கவில்லை. கட்டத்தாளில் உப்பின் செறிவைப் படுக்கையிலும் மாற்றத்தை நெடுக்கிலும் குறியுங்கள். கோடு பூஜ்யத்தைக் கடக்கும் இடத்தில் கிழங்கின் உள்ளேயும் வெளியேயும் சமநிலை. பெரும்பாலும் அரை சதவீதத்துக்கும் ஒன்றரை சதவீதத்துக்கும் நடுவில் எங்காவது விழும். கிழங்குக்குக் கிழங்கு மாறும். இராத்திரி முழுதும் ஊறவிடாதீர்கள். நேரம் ஆக ஆக உப்பும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய்க் கணக்கைக் கலைத்துவிடும். பள்ளி ஆய்வுக்கூடத்தில் உப்புக்குப் பதில் சீனிக் கரைசல் வைப்பதற்கு இதுவும் காரணம். சீனி மூலக்கூறு பெரியது, எளிதில் நுழையாது.

நேரமிருந்தால் இதே அளவில் வேகவைத்த துண்டுகளையும் வெறும் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். எவ்வளவு நேரம் வைத்தாலும் பச்சைத் துண்டைப்போல் விறைக்காது. பீட்ரூட்டில் பார்த்த அதே காரணம்: வெந்த கிழங்கில் சவ்வு செத்துவிட்டது. ஆசிரியர் கட்டுப்பாட்டுச் சோதனை எங்கே என்று கேட்டால் இதைக் காட்டுங்கள்.

சௌராஸ்தா மார்க்கெட் பக்கம் போனால் பினாங்கின் பேர்போன ஜாதிக்காய் ஊறுகாய் கடை கடையாய் அடுக்கியிருக்கும். நீங்கள் இப்போது செய்த அதே சோதனையின் வணிக வடிவம் அது. உப்பும் சீனியும் பழத்தசையிலிருந்து தண்ணீரை இழுக்கின்றன. உயிரணுக்கள் சுருங்கி, சவ்வு குலைந்தபின் சீனி உள்ளே ஊறி நிறைகிறது. கெட்டுப்போகாமல் இருப்பதற்கும் இதே காரணம்தான். மேலே வந்து விழும் கிருமியின் உடலிலிருந்தும் தண்ணீர் வெளியே போய்விடுகிறது, அது பெருக முடிவதில்லை. நாரத்தங்காய் ஊறுகாய்க்கும் உப்புக்கண்டத்துக்கும் இதுவே.

மருத்துவமனையில் ஏற்றும் உப்பு நீர் 0.9 சதவீதம், லிட்டருக்கு 9 கிராம். அந்தச் செறிவில் சிவப்பணு சுருங்கவும் இல்லை, ஊதவும் இல்லை. வெறும் தண்ணீரில் போட்டால் ஊதி வெடித்துவிடும். உருளைக்கிழங்கு ஏன் வெடிக்கவில்லை? தாவர உயிரணுவுக்குச் சவ்வுக்கு வெளியே செல்லுலோஸ் சுவர் இருக்கிறது. தேர்வில் இந்த ஒப்பீட்டைத் திரும்பத் திரும்பக் கேட்பார்கள். பள்ளியில் நுண்நோக்கி கிடைக்கும்போது, அடிப்பக்கம் ஊதா நிறமான ரியோ செடியின் இலைத்தோலை உரித்து உப்பு நீரில் வைத்துப் பாருங்கள். ஊதாப் பகுதி சுவரை விட்டு உள்வாங்கி ஒரு மூலையில் ஒடுங்கும். வெறும் தண்ணீர் விட்டால் மெல்ல மீண்டு விரியும்.

எண்ணெய் அடுக்கைத் தண்ணீர் எப்படி இவ்வளவு வேகமாகக் கடக்கிறது என்று யாராவது கேட்டால், கெட்டிக்காரப் பிள்ளை. எண்ணெய் வழியாகக் கொஞ்சம் கசியும், உண்மை. ஆனால் பெரும்பங்கு அக்குவாபோரின் என்ற புரதக் குழாய்கள் வழியாகப் போகிறது. அமெரிக்காவில் பீட்டர் அக்ரே குழுவினர் 1992-இல் இதை உறுதிசெய்தார்கள்; 2003-இல் வேதியியல் நோபல் கிடைத்தது. ஒரே குழாய் வழியாக ஒரு நொடியில் சுமார் 300 கோடி நீர் மூலக்கூறுகள், ஒற்றை வரிசையில்.

நான்காம் படி: வாசல் இருந்தால் போகும் பொருள்கள்

குளுக்கோஸை எடுங்கள். நீரில் நன்றாகக் கரைவது, எண்ணெயைக் கடக்க முடியாத அளவுக்குப் பெரியது. முதல் கேள்விக்கான பதிலே வழியை மறித்துவிட்டது. ஆனால் சாப்பிட்டபின் இரத்தத்தில் குளுக்கோஸ் அதிகம், உயிரணுவுக்குள் குறைவு. போக்கு சாதகமாக இருக்கிறது. வாசல் மட்டும்தான் வேண்டும். குளூட் எனப்படும் கடத்திப் புரதங்கள் அந்த வாசல். குளுக்கோஸ் வந்து ஒட்டியதும் புரதம் வடிவம் மாறி மறுபக்கம் திறக்கிறது. ஆற்றல் செலவில்லை. துணையுடன் பரவல் என்று பாடநூலில் இருப்பது இதுதான்.

மதியம் நாசி கண்டார் சோறும் ஒரு தே தாரேக் தேநீரும் உள்ளே போனபின் நடப்பதைப் பாருங்கள். கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. தசை, கொழுப்பு உயிரணுக்களுக்குள் சின்னச் சின்ன உறைகளில் காத்திருக்கும் குளூட் 4 கடத்திகள், இன்சுலினின் சைகை கிடைத்ததும் மேற்பரப்புக்கு வந்து சேர்கின்றன. வாசல்களின் எண்ணிக்கை கூடுகிறது, சீனி உள்ளே போகிறது. இரண்டாம் வகை நீரிழிவில் இந்தச் சைகைக்குத் தசை சரியாகச் செவிசாய்ப்பதில்லை. நம்மவர் வீடுகளில் இந்த நோய் இல்லாத குடும்பத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும் என்பதால் இந்தப் பகுதியைப் பிள்ளைகள் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள். இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்: தசை வேலை செய்யும்போது இன்சுலின் இல்லாமலே குளூட் 4 மேலே வருகிறது. சாப்பாட்டுக்குப் பின் நடக்கச் சொல்லி டாக்டர் நச்சரிப்பது வெறும் சம்பிரதாயம் அல்ல.

மூளையும் சிவப்பணுவும் இன்சுலினுக்குக் காத்திருப்பதில்லை. அவற்றின் குளுக்கோஸ் வாசல்கள் எப்போதும் மேற்பரப்பில்தான். அயனிகளுக்குக் கால்வாய்ப் புரதங்கள் தனியாக உண்டு. கதை அதேதான், நீட்ட வேண்டியதில்லை.

ஐந்தாம் படி: செலவு செய்து இழுக்கும் பொருள்கள்

உங்கள் உயிரணுவுக்குள் பொட்டாசியம் லிட்டருக்கு ஏறக்குறைய 140 மில்லிமோல், வெளியே 4 அல்லது 5. சோடியம் நேர்மாறு: வெளியே 145 அளவில், உள்ளே 10 முதல் 15. பரவலை அதன் போக்கில் விட்டால் இரண்டும் சமமாகிவிடும். ஆகாமல் பார்த்துக்கொள்வது சோடியம்–பொட்டாசியம் பம்பு. உயிரணுவின் ஆற்றல் நாணயமான ஏடிபி மூலக்கூறு ஒன்றைச் செலவழித்து 3 சோடியத்தை வெளியே தள்ளி 2 பொட்டாசியத்தை உள்ளே எடுக்கிறது. பாடநூலில் உயிர்ப்புக் கடத்தல் என்று இருப்பது இதுதான். டென்மார்க்கின் யென்ஸ் ஸ்கூ நண்டின் கால் நரம்புகளை வைத்து ஆராய்ந்து 1957-இல் இதை வெளியிட்டார். நோபல் பரிசு வந்து சேர்ந்தது 1997-இல்தான். நீங்கள் சும்மா படுத்திருக்கும்போதும் உடல் செலவழிக்கும் ஆற்றலில் கணிசமான பங்கு இந்தப் பம்புக்கே போகிறது.

இனி வருவதுதான் பலரைத் தடுமாற வைக்கும் இடம். சிறுகுடல் உயிரணு குளுக்கோஸை எடுக்கும்போது, உள்ளே ஏற்கெனவே குளுக்கோஸ் அதிகமாக இருந்தாலும் மேலும் இழுத்துக்கொள்கிறது. ஆனால் அந்தக் கடத்தி ஏடிபியைத் தொடுவதே இல்லை! பின்னே ஆற்றல் எங்கிருந்து வருகிறது?

பினாங்குக் கொடிமலை ரயிலை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே கம்பிவடத்தில் இரண்டு பெட்டிகள்; ஒன்று இறங்கும்போது அதன் எடை மற்றொன்று ஏற உதவுகிறது. குடலில் இறங்கும் பெட்டி சோடியம். வெளியே அதிகம், உள்ளே குறைவு என்பதால் அது இறங்கத் துடித்துக்கொண்டிருக்கிறது. ஏறும் பெட்டி குளுக்கோஸ். எஸ்ஜிஎல்டி 1 என்ற கடத்தி இரண்டையும் சேர்த்தே உள்ளே விடுகிறது: 2 சோடியத்துக்கு 1 குளுக்கோஸ். உள்ளே வந்த சோடியத்தை மறுபக்கம் இருக்கும் பம்பு ஏடிபி செலவழித்து வெளியேற்றிக்கொண்டே இருப்பதால் இறக்கம் ஒருபோதும் தீர்வதில்லை. ஆக, காசு கொடுப்பது பம்பு, பயன் அடைவது குளுக்கோஸ். மூன்றாவது கேள்வியில் செலவு யாருடையது என்று கேட்கச் சொன்னது இதற்காகத்தான். ராபர்ட் கிரேன் இந்தக் கருத்தை 1960-இல் பிராக் நகரில் நடந்த ஒரு கூட்டத்தில் முன்வைத்தார்.

இது வெறும் பாடம் அல்ல. வயிற்றுப்போக்குக்கு மருந்தகத்தில் கொடுக்கும், தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் ஓஆர்எஸ் உப்புப் பொட்டலம் முழுக்க இந்தக் கடத்தியை நம்பித்தான் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் இப்போதைய அளவு லிட்டருக்கு: சாதாரண உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5, பொட்டாசியம் குளோரைடு 1.5, சோடியம் சிட்ரேட் 2.9. சோடியமும் குளுக்கோஸும் ஆளுக்கு 75 மில்லிமோல், சரிசமம். காலரா நச்சு குடலிலிருந்து நீரை வெளியே கொட்ட வைக்கும். ஆனாலும் சோடியம்–குளுக்கோஸ் கடத்தியை அது முடக்குவதில்லை. இரண்டும் உள்ளே போக, அவற்றின் பின்னாலேயே தண்ணீரும் போகிறது. 1971-இல் வங்காளதேச அகதிகள் முகாமில் காலரா பரவியபோது, ஏற்றுவதற்கு உப்புநீர் போதாமல், டாக்டர் திலீப் மஹலனாபிஸ் இதுபோன்ற உப்பு–குளுக்கோஸ் கரைசலைக் குடிக்கக் கொடுத்து ஏராளமான உயிர்களைக் காப்பாற்றினார்.

வீட்டில் செய்ய வேண்டியது எளிது. பொட்டலத்தில் எவ்வளவு தண்ணீர் என்று போட்டிருக்கிறதோ அவ்வளவே ஊற்றுங்கள். கெட்டியாகக் கரைத்தால் நல்லது என்று நினைத்து அரை கிளாஸில் கரைக்காதீர்கள். மூன்றாம் படியில் பார்த்ததுபோல் குடல் பக்கம் செறிவு ஏறி, உடலிலிருந்து தண்ணீரை இழுத்துவிடும். ருசிக்குச் சீனியும் சேர்க்க வேண்டாம். விளையாட்டுக்காரர்கள் குடிக்கும் ஐசோடோனிக் பானம் இதற்கு மாற்று அல்ல. அதில் சோடியம் குறைவு, பொதுவாகச் சீனி அதிகம். கைக்குழந்தை என்றாலோ, மலத்தில் இரத்தம் என்றாலோ, குடித்ததெல்லாம் வாந்தியாகப் போனாலோ நேரே கிளினிக்குக்குப் போங்கள்.

ஆறாம் படி: சவ்வே மடிந்து விழுங்கும் பொருள்கள்

ஒரு பாக்டீரியாவுக்கு எந்த வாசலும் போதாது. அப்போது சவ்வே நீண்டு, சுற்றி வளைத்து, பையாக மூடி உள்ளே எடுத்துக்கொள்கிறது. 1882-இல் இத்தாலியின் மெசினாவில் விலங்கியலாளர் மெச்னிக்கோவ், கண்ணாடிபோல் இருக்கும் நட்சத்திரமீன் குஞ்சுகளுக்குள் ரோஜா முள்ளைச் செருகிவைத்து மறுநாள் பார்த்தார். உயிரணுக்கள் முள்ளைச் சூழ்ந்து நின்றன. நம் வெள்ளையணுக்கள் கிருமியை விழுங்குவது இதே வேலை. 1908-இல் அவருக்கு நோபல்.

விழுங்குவதில் தேர்ந்தெடுப்பும் உண்டு. இரத்தத்தில் கொலஸ்ட்ரால் எல்டிஎல் என்ற துகளாகப் பயணம் செய்கிறது. உயிரணுவின் மேல் அதைப் பிடித்துக்கொள்வதற்கென்றே ஏற்பிகள் என்ற புரதங்கள் இருக்கின்றன. துகள் வந்து பிடித்துக்கொண்டதும் அந்த இடம் குழிந்து, பையாகி உள்ளே போகிறது. பிரவுன், கோல்ட்ஸ்டைன் இருவரும் இதைக் கண்டறிந்து 1985-இல் நோபல் பெற்றார்கள். பிறவியிலேயே இந்த ஏற்பி குறைந்தவர்களுக்கு இளம் வயதிலேயே கொலஸ்ட்ரால் தாறுமாறாக ஏறிவிடும். இன்ஃபுளுவென்சா கிருமி இதே வழியைத் திருட்டுத்தனமாகப் பயன்படுத்தி உள்ளே நுழைகிறது.

இந்தப் படியை வீட்டில் பார்க்க வழியில்லை. பள்ளியில் குளத்துநீரை நுண்நோக்கியில் வைத்தால் பாரமீசியம் என்ற ஒற்றை உயிரணு உயிரி உணவைப் பையாக்கி உள்ளே தள்ளுவதைப் பார்க்க வாய்ப்புண்டு. ஆசிரியரைக் கெஞ்சிக் கேட்டுப் பாருங்கள்.

கடைசியாக, பயிற்சி

பட்டியலைப் பிள்ளையிடம் கேட்காதீர்கள். பொருளின் பெயரை மட்டும் சொல்லி மூன்று கேள்விகளையும் கேட்கச் சொல்லுங்கள். ஆக்சிஜன்: சிறியது, எண்ணெயில் கரையும், வெளியே அதிகம், நேராகப் போகும். பொட்டாசியம்: மின்னேற்றம் உண்டு, உள்ளே ஏற்கெனவே அதிகம், பம்பு வேண்டும், செலவு ஏடிபி. வேர்முடி எடுக்கும் நைட்ரேட்: மின்னேற்றம் உண்டு, மண்ணில் பெரும்பாலும் குறைவு, செலவு செய்துதான் இழுக்க வேண்டும். தண்ணீர் தேங்கி வேருக்கு ஆக்சிஜன் கிடைக்காத வயலில் பயிர் ஏன் மஞ்சளடிக்கிறது என்பதற்கு ஒரு துப்பு இதில் உண்டு, அதைப் பிள்ளையே சொல்லட்டும். ஸ்டீராய்டு ஹார்மோன்: எண்ணெய்க்கு உறவு, நேராகப் போகும்.

அப்புறம் இன்சுலினைக் கேளுங்கள். புரதம், பெரியது, எண்ணெயில் கரையாது. எப்படி உள்ளே போகிறது என்று பிள்ளை தலையைச் சொறியும். கொஞ்ச நேரம் விடுங்கள். தன் வேலையைச் செய்ய இன்சுலின் உள்ளே போகத் தேவையே இல்லை. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஏற்பியில் ஒட்டினாலே போதும், உள்ளே குளூட் 4 கிளம்பிவிடும்.